கரமனைத் திண்ணையில் ஓர் உளவு வழக்கு

(கரமனையில் நடைபெற்ற அங்கத்தினர் குடும்பக் கூட்டத்தில் பேசியது. வர இயலாத வெளியூர் அங்கத்தினர்களுக்காக எழுத்து வடிவில்.)

 

போன கூட்டத்தில் சாப்பாட்டுப் பந்தியில் நடந்த சர்ச்சை பலருக்கு ஞாபகம் இருக்கும். 2025 மே மாதம், பஹல்காம் தாக்குதலுக்கும் ஆபரேஷன் ஸிந்தூருக்கும் பிறகு, ஹரியானாவைச் சேர்ந்த ஒரு யூட்யூப் பெண்மணி பாகிஸ்தானுக்கு உளவு சொன்னதாகக் கைதானார். அவர் அதற்கு முன்பு கேரள சுற்றுலாத் துறையின் அழைப்பில் இங்கே வந்து போனவர் என்பது ஜூலையில் தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் வெளியாயிற்று. அவ்வளவுதான். அரசாங்கமே ஒற்றருக்கு விருந்து வைத்தது என்றார் ஒருவர். வந்தவர் என்ன செய்வார் என்று அழைத்தவருக்கு ஜோஸ்யமா தெரியும் என்றார் இன்னொருவர். பாயசம் வருவதற்குள் ஒருவர் தேசத்துரோகியாகவும் மற்றவர் கட்சி அடிமையாகவும் ஆகிவிட்டார்கள். இரண்டு பேரும் எனக்கு வேண்டியவர்கள். இன்றைக்கு இரண்டு பேரும் வந்திருக்கிறார்கள், ஒரே வரிசையில் உட்காரவில்லை.

அதற்குப் பிறகுதான் காரியதரிசி என்னிடம் வந்தார். "நீங்க ஏஜி ஆபீஸ்ல இருந்தவர், எந்தப் பக்கமும் சாயாம ஒரு அரைமணி பேசுங்கோ" என்றார். சாயாதவன் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாரும், நான் ஒரு தடவை நன்றாகவே சாய்ந்தவன், வேண்டுமானால் அதைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அவர் சரி என்று சொல்லிவிட்டார், எதற்குச் சம்மதித்தோம் என்று தெரியாமல்.

நான் சொல்லப் போவது 1994-ல் நடந்தது. வெளியூர்க்காரர்களுக்கு அது பத்திரிகையில் வந்த ஒரு சமாசாரம். திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு அப்படி இல்லை. தும்பாவிலும் வலியமலையிலும் வேலை பார்க்கிறவர் இல்லாத அக்ரஹாரத் தெரு இந்த ஊரில் கிடையாது. 1963 நவம்பர் 21-ந் தேதி தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் போனதிலிருந்து, நம் பையன்கள் பேங்குக்கும் ஏஜி ஆபீஸுக்கும் அடுத்தபடியாகப் போய்ச் சேர்ந்த இடம் அதுதான். காலையில் அவர்களுடைய பஸ் கரமனை ஜங்ஷனில் நிற்கும்போது ஏறுகிறவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள்.

1994 அக்டோபர் 15-ந் தேதி பி.எஸ்.எல்.வி. முதல் முறையாக வெற்றிகரமாக மேலே போயிற்று. முந்தின வருஷம் செப்டம்பரில் ஒரு தடவை தோற்றுப்போன ராக்கெட். அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் லட்டு கொடுத்தார்கள். அந்த வீட்டுக்காரர் வலியமலையில் இன்ஜினியர். பெயர் சொல்லப் போவதில்லை. தெருவில் எல்லோரும் அவரை 'வலியமலை மாமா' என்றுதான் சொல்லுவோம், நானும் அப்படியே சொல்கிறேன். அந்த ராக்கெட்டின் இரண்டாவது கட்டத்தில் இருந்த 'விகாஸ்' என்ஜின் அவர்களுடைய இடத்துச் சரக்கு. பிரான்ஸ் தேசத்தின் 'வைகிங்' என்ஜினிலிருந்து கற்றுக்கொண்டு நம்மவர்கள் செய்தது. அதைக் கற்றுவரப் போன குழுவுக்குத் தலைமை வகித்தவர் நாகர்கோவில்காரரான நம்பி நாராயணன்.

லட்டு சாப்பிட்டு ஐந்தாம் நாள், அக்டோபர் 20-ந் தேதி, மரியம் ரஷீதா என்ற மாலத்தீவுப் பெண்மணி விசா காலம் தாண்டித் தங்கியதற்காக இங்கே கைதானார். அந்த சமயம் சூரத்தில் பிளேக் வந்து விமானங்கள் ரத்தான நேரம். ஊருக்குத் திரும்ப விமானம் இல்லை, தங்குவதற்கு அனுமதி நீட்டித்துத் தாருங்கள் என்று அவரே போலீஸ் அலுவலகத்துக்குப் போனவர். இதை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மாலத்தீவுப் பெண், ஹோட்டல் அறை, விஞ்ஞானியின் டெலிபோன் நம்பர். இந்த மூன்றும் சேர்ந்தால் மீதியை மனசு தானாகவே எழுதிக்கொள்ளும்.

நவம்பர் 13-ந் தேதி அரசு ரகசியச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாயிற்று. மாலத்தீவைச் சேர்ந்த ஃபௌஸியா ஹஸன், விண்வெளி மையத்தின் சசிகுமாரன், பெங்களூரிலிருந்து இரண்டு பேர், நவம்பர் 30-ந் தேதி நம்பி நாராயணன். அவர் அப்போது கிரயோஜெனிக் திட்டத்தின் தலைவர். மலையாளப் பத்திரிகைகளில் தினமும் ஒரு தவணை வந்தது. தொடர்கதை மாதிரி என்று சொன்னால் தொடர்கதை எழுதுகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள், அதில் முன்னுக்குப் பின் முரண் இருந்தால் வாசகர் கேள்வி கேட்பார். இங்கே யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

காலையில் பால் வாங்கப் போகிற இடத்தில் ஆரம்பித்து, ஸத்யவாகீஸ்வரர் கோயில் தரிசனம் முடிந்து, ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து கொசு கடிக்கிற வரைக்கும் இதே பேச்சு. இப்போது கையில் போனை வைத்துக்கொண்டு பேசுகிறோம், அப்போது விசிறியை வைத்துக்கொண்டு பேசினோம். வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. நாங்கள் பேசினது தெருக்கோடி தாண்டாது என்பது ஒன்றுதான். ஆனால் ஒருவருடைய மானத்துக்குத் தெருக்கோடி வரைக்கும் போனாலே போதுமே.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் யூனிவர்ஸிடி காலேஜில் பௌதிகம் படித்து 1969-ல் பி.எஸ்ஸி. பாஸானவன். அப்புறம் தணிக்கை வேலை. ஒரு ஜூனியர் இன்ஜினியர் நெய்யாற்றின்கரைக்குப் போய்வந்த பயணப்படியில் நாற்பது ரூபாய்க்கு வவுச்சர் இல்லை என்று ஆட்சேபணைக் குறிப்பு எழுதி, அது தீருவதற்குள் அந்த மனுஷனைப் பாதி ஆக்கினவன். அப்பேர்ப்பட்ட நான், கோடிக்கணக்கில் ராக்கெட் ரகசியம் விற்றார்கள் என்ற சமாசாரத்தை ஒரு வவுச்சர்கூடக் கேட்காமல் பாஸ் பண்ணிவிட்டேன். அதாக்கும் விசேஷம்.

பௌதிகம் படித்தவன் என்ற முறையில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. கிரயோஜெனிக் என்ஜின் என்றால் என்ன? திரவ ஆக்ஸிஜனையும் திரவ ஹைட்ரஜனையும் எரிக்கிற என்ஜின். ஆக்ஸிஜன் திரவமாக இருக்க வேண்டுமென்றால் மைனஸ் 183 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், ஹைட்ரஜனுக்கு மைனஸ் 253. அதே என்ஜினின் உள்ளே எரிகிற இடத்தில் சூடு மூவாயிரம் டிகிரியைத் தொடும். சாண் தூரத்தில் இந்தக் குளிரும் அந்தச் சூடும் இருக்க, நடுவில் ஒரு பம்பு நிமிஷத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்ற வேண்டும். எந்த உலோகம், எப்படி வெல்டிங், எந்த இடத்தில் எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் கைப்பழக்கம். நம் வீட்டு அம்மாக்கள் எழுதி வைத்த சமையல் குறிப்பைப் பார்த்து நாம் அவியல் பண்ணினால் எப்படி இருக்கும்? அதைப்போல ஆயிரம் மடங்கு.

சரி, 1994-ல் அந்த வித்தை நம்மிடம் இருந்ததா? இல்லை. அதை வாங்கத்தான் 1991-ல் ரஷ்யாவின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டோம். அமெரிக்கா 1992-ல் தடை விதித்தது. 1993-ல் ரஷ்யா, என்ஜின் தருகிறேன், செய்யும் வித்தையைத் தரமாட்டேன் என்று பின்வாங்கியது. கையில் இல்லாத பண்டத்தை எப்படி விற்பது? அப்புறம் நடந்ததைப் பாருங்கள். ரஷ்ய என்ஜினோடு ஜி.எஸ்.எல்.வி. 2001 ஏப்ரலில் போயிற்று. நாமே செய்த கிரயோஜெனிக் என்ஜின் 2010 ஏப்ரலில் முதல் தடவை தோற்றது, 2014 ஜனவரி 5-ந் தேதிதான் ஜெயித்தது. ரஷ்ய என்ஜினையே கையில் வைத்துக்கொண்டு, இத்தனை இன்ஜினியர்கள் இரவும் பகலும் உட்கார்ந்து, இருபது வருஷம் ஆயிற்று. அதை ஒரு மாலத்தீவுப் பெண்மணி கைப்பையில் போட்டுக்கொண்டு போய் இன்னொரு தேசத்துக்குக் கொடுத்துவிடுவார் என்று நான் நம்பினேன், பி.எஸ்ஸி. பௌதிகம்.

ஒற்று வேலை என்பதே கற்பனை என்று நான் சொல்லவில்லை. இங்கேயே சிலர் தலையை ஆட்டுகிறீர்கள், அதனால் சொல்கிறேன். 1985 ஜனவரியில் டில்லியில் கூமர் நாராயண் வழக்கு வந்தது. பிரதமர் அலுவலகம் வரைக்கும் சிப்பந்திகள் ரகசியக் கோப்புகளைக் கொண்டுபோய்ப் போட்டோகாபி எடுக்கக் கொடுத்திருந்தார்கள். பிரதமரின் முதன்மைச் செயலாளராக இருந்த நம் மாவேலிக்கரை பி.ஸி. அலெக்ஸாண்டர் பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். 2002-ல் கோர்ட்டு பலரைத் தண்டித்தது. ஆனால் அங்கே காகிதம் இருந்தது. இன்ன கோப்பு, இன்ன ஆள், இன்ன இடத்தில் என்று இருந்தது. இங்கே என்ன இருந்தது? போலீஸ் காவலில் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலங்கள்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன், சுருக்கமாக. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் குற்றத்துக்குச் சான்றாகாது. 1872-ம் வருஷத்து சாட்சியச் சட்டத்தில் 25-வது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 23-வது பிரிவு. நம்பர்தான் மாறியிருக்கிறது. வெள்ளைக்காரன் நம்மை நம்பாதவன்தான், ஆனாலும் தன் போலீஸை அதைவிடக் கொஞ்சம் குறைவாக நம்பியிருக்கிறான். அரசு ரகசியச் சட்டம் 1923-ல் வந்தது. அதன் 3-வது பிரிவு கடுமையானது. இன்ன காரியம் செய்தார் என்று தனியாக நிரூபிக்காவிட்டாலும், சூழ்நிலையையும் நடத்தையையும் அந்த ஆளின் குணத்தையும் கொண்டே நோக்கம் கெட்டது என்று முடிவு கட்ட அது இடம் கொடுக்கிறது. அதிலும்கூட அந்த சூழ்நிலையும் குணமும் கோர்ட்டில் நிரூபணமாக வேண்டும், அரசாங்கத்தின் அதிகாரம் பெற்ற புகார் இல்லாமல் கோர்ட்டு வழக்கை எடுக்கவே கூடாது என்று 13-வது பிரிவில் ஒரு பூட்டுப் போட்டிருக்கிறான். எங்கள் திண்ணையில் அந்தப் பூட்டும் இல்லை. நம்பி நாராயணன் நவம்பர் 1-ந் தேதியே விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். "பார்த்தேளா, ஓடப் பார்க்கறார்" என்றார் ஒருவர். ஓய்வு கேட்பது குற்றமானால் அந்தத் திண்ணையில் இருந்த எங்களில் மூன்று பேர் உள்ளே போயிருக்க வேண்டும்.

சரி, ஏன் நம்பினேன்? இதை ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். காரணம் ராக்கெட்டும் இல்லை, தேசபக்தியும் இல்லை. எனக்குக் கருணாகரனைப் பிடிக்காது.

குருவாயூரப்பன் பக்தர் என்று நம்மில் பலருக்கு அவர் மேல் பிரியம் உண்டு. எனக்கு 1976-லிருந்து ஆகாது. அவசர நிலையின்போது கோழிக்கோடு ரீஜனல் இன்ஜினியரிங் காலேஜ் மாணவன் ராஜனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது, அவன் திரும்பவே இல்லை. அப்போது உள்துறை கருணாகரன் கையில். பையனின் தகப்பனார் ஈச்சர வாரியர் ஹிந்திப் பேராசிரியர். ஒவ்வொரு படியாக ஏறி இறங்கிக் கடைசியில் ஹைக்கோர்ட்டுக்குப் போனார். 1977 ஏப்ரலில் கருணாகரன் முதல்வர் பதவியை ராஜினாமா செய்ய வேண்டி வந்தது. போலீஸ் சொன்னதை நம்பி ஒரு தகப்பனைக் கைவிட்ட ஆள் என்று அவர் மேல் எனக்கு ஒரு கசப்பு. 1994-ல் அவர்தான் முதல்வர். அவருக்கு வேண்டியவர் என்று சொல்லப்பட்ட ஒரு போலீஸ் ஐ.ஜி.யின் பெயரும் இந்தப் பேச்சில் அடிபட்டது. ஆட்டம் காணப்போகிறது என்று தெரிந்ததும் எனக்கு ஒரு சந்தோஷம். அந்த ஐ.ஜி. குற்றவாளியாக இருந்தால் நன்றாயிருக்கும். அவர் குற்றவாளியாக வேண்டுமென்றால் விஞ்ஞானிகளும் குற்றவாளிகளாக இருக்க வேண்டும். ஆகவே இருந்தார்கள். போலீஸ் சொன்னதை நம்பியவர் என்று ஒருவர் மேல் பதினெட்டு வருஷம் கோபப்பட்டுவிட்டு, அவரை வீழ்த்துவதற்காக நான் போலீஸ் சொன்னதை நம்பினேன்.

கட்சிகள் செய்ததும் இதுதான், பெரிய அளவில். காங்கிரஸுக்குள்ளேயே எதிர் கோஷ்டி வரிந்து கட்டியது. எதிர்க்கட்சிகளும் விடவில்லை. 1995 மார்ச்சில் கருணாகரன் பதவி விலகி ஆண்டனி வந்தார். 1994 டிசம்பரிலேயே வழக்கு சி.பி.ஐ.க்குப் போயிருந்தது. 1996 ஏப்ரலில் சி.பி.ஐ., குற்றச்சாட்டு பொய், வாக்குமூலங்கள் உண்மையல்ல, வழக்கை முடிக்கலாம் என்று எர்ணாகுளம் கோர்ட்டில் அறிக்கை கொடுத்தது. கோர்ட்டும் மே மாதம் ஏற்றுக்கொண்டது. அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். அந்த மாதமே ஆட்சி மாறி நாயனார் முதல்வரானார். ஜூனில் அவருடைய அரசாங்கம், மாநிலப் போலீஸே மறுபடி விசாரிக்கும் என்று உத்தரவு போட்டது. ஒரு முன்னணி நட்டது, மற்ற முன்னணி தண்ணீர் ஊற்றியது. சுப்ரீம் கோர்ட்டு 1998 ஏப்ரல் 29-ந் தேதி அந்த உத்தரவை ரத்து செய்து, குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குத் தலைக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. நம்பி நாராயணன் 50 நாள் சிறையில் இருந்தார். அந்த மாலத்தீவுப் பெண்கள் மூன்று வருஷத்துக்கு மேல். அவர்களைப் பற்றி எந்தக் கட்சியும் பேசவில்லை, அவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை.

அப்புறம் நடந்தது நீண்ட கதை. மனித உரிமை ஆணையம் 2001-ல் 10 லட்சம் இடைக்கால நிவாரணம் தரச் சொல்லி, அதற்கும் வழக்கு நடந்து, 2012-ல் ஹைக்கோர்ட்டு மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. ஓய்வூதியக்காரர்களுக்கு இந்த வேகம் பழக்கமானதுதான். 2018 செப்டம்பர் 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, கைதுக்கு எந்த அடிப்படையும் இல்லை என்று சொல்லி 50 லட்சம் கொடுக்க உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பு வந்தபோது, கூடவே கைதான பெங்களூர் சந்திரசேகர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். இரண்டு நாளில் போய்விட்டார். 2019-ல் நம்பி நாராயணனுக்குப் பத்மபூஷண், 2020-ல் கேரள அரசாங்கத்திடமிருந்து இன்னும் ஒரு கோடியே 30 லட்சம். 2022-ல் மாதவன் எடுத்த சினிமாவை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். 2023-ல் சந்திரயான்-3 போன ராக்கெட்டின் நடுப்பகுதியில் இருந்ததும் விகாஸ் என்ஜின்தான், இரண்டு.

2021-ல் சுப்ரீம் கோர்ட்டு, இந்த வழக்கைப் புனைந்தது யார் என்று விசாரிக்க சி.பி.ஐ.க்குச் சொன்னது. 2024-ல் முன்னாள் அதிகாரிகள் ஐந்து பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. அவர்கள் பெயரெல்லாம் பத்திரிகைகளில் வந்தது. நான் இங்கே சொல்லவில்லை. குற்றப்பத்திரிகை என்பது ஒரு பக்கத்துக் கணக்கு, அவர்களும் இன்னும் பதில் சொல்ல வேண்டியவர்கள். 1994-ல் செய்த காரியத்தையே இப்போது ஆளை மாற்றிச் செய்தால் நான் என்ன கற்றுக்கொண்டேன்?

வாயைக் கட்ட ஒரு சட்டம் போட்டால் என்ன என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். போட்டுப் பார்த்தாயிற்று. கண்டதை எழுதினால் ஜெயில் என்று சொன்ன தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவையும், அதே ஜாடையில் இருந்த கேரள போலீஸ் சட்டத்தின் 118-டி பிரிவையும் சுப்ரீம் கோர்ட்டு 2015-ல் ஒரே தீர்ப்பில் செல்லாது என்று சொன்னது. 2020 நவம்பரில் நம் கேரளத்தில் 118-ஏ என்று இன்னொன்றை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தார்கள். எதிர்ப்பு கிளம்பி, சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். தவிர, நான் சொல்லப்போகிற விஷயத்தை எந்தச் சட்டத்தாலும் பிடித்திருக்க முடியாது.

வலியமலை மாமா விஷயம்தான். அவர் இந்த வழக்கில் எந்த விதத்திலும் சம்பந்தப்பட்டவர் இல்லை. யாரும் அவரை விசாரிக்கவும் இல்லை. வலியமலையில் வேலை, தமிழர், நம்பி நாராயணனோடு ஒரு தடவை வெளிநாடு போய் வந்தவர், அவ்வளவுதான். அது போதுமாயிருந்தது. டிசம்பரில் அவர் திண்ணைக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும். யாராவது மழையைப் பற்றிச் சொல்வார்கள். சில நாள் வந்தார், பிறகு வருவதை நிறுத்திவிட்டார். என் பையன் அப்போது பத்தாம் கிளாஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் கணக்குக் கற்றுக்கொள்ளப் போவான். "பரீட்சை வரது, ஆத்துலயே படிக்கட்டும்" என்று நிறுத்தினேன். பரீட்சை வருகிறபோதுதான் கணக்கு வாத்தியார் வேண்டும் என்பது அவனுக்கே தெரிந்திருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தான்.

அவருக்கு ஒரே பெண். 1995 தை மாதம் கல்பாத்தியிலிருந்து ஒரு வரன் ஏறக்குறைய முடிவாகிற கட்டம். பையனின் தகப்பனார் தனியாக வந்து, நம் வழக்கப்படி அக்கம்பக்கத்தில் விசாரித்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். என் மனைவி காபி கொடுத்தாள். குடும்பம் எப்படி என்று கேட்டார். "ரொம்ப நல்ல குடும்பம். பொண்ணு தங்கம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இப்போ காலம் கொஞ்சம் சரியில்லை. பத்திரிகையில வரதெல்லாம் பார்க்கறேளே. ஒரு ஆறு மாசம் பொறுத்துப் பார்க்கறதுல தப்பில்லை" என்றேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. தணிக்கைக் குறிப்பில் எழுதுகிற மாதிரி, யார் மேலும் குற்றம் சொல்லாத, யாரையும் தப்பவிடாத ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் எழுதுவதில் எனக்கு ஆபீஸில் நல்ல பெயர்.

அந்த வரன் நின்றுபோயிற்று. அந்தப் பெண்ணுக்கு 1998-ல்தான் கல்யாணமாயிற்று, புனேயில் இருக்கிறாள், சௌக்கியம். 1996-ல் சி.பி.ஐ. அறிக்கை வந்த செய்தியைப் படித்த அன்று, நான் பையனை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கவில்லை. "ப்ரீடிகிரி கணக்கு கஷ்டமா இருக்காம், என்ட்ரன்ஸும் எழுதணும்" என்றேன். "ஞாயித்துக்கிழமை அனுப்புங்கோ" என்றார். ஒரு வருஷம் சொல்லிக் கொடுத்தார். பையன் என்ட்ரன்ஸ் பாஸானான். அவர் 2016-ல் காலமாகிவிட்டார், சுப்ரீம் கோர்ட்டின் கடைசித் தீர்ப்பைப் பார்க்கவில்லை. கல்பாத்திக்காரரிடம் நான் சொன்னதை அவரிடம் கடைசி வரை சொல்லவில்லை. வீட்டில் என் மனைவிக்கு மட்டும் தெரியும். அன்று காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போகும்போது அவள் ஒன்றும் பேசவில்லை. இப்போதும் அதைப் பற்றிப் பேசமாட்டாள்.

இன்றைக்குப் பேச ஒப்புக்கொண்ட பிறகு, இதைச் சொல்லாமல் பேசுவது எப்படி என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணும் நம் அங்கத்தினர்தான், இந்தப் பத்திரிகை அவள் வீட்டுக்கும் போகிறது. அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று, போன மாதம் புனேக்குப் போன் பண்ணினேன். எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது வருஷம் கழித்து. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கு அப்பவே தெரியும் மாமா. ஜாதகத்தைத் திருப்பி அனுப்பின கடுதாசியிலயே, அடுத்தாத்துல விசாரிச்சோம், கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்றான்னு எழுதியிருந்தா. அப்பா படிச்சுட்டு மடிச்சு அலமாரியில வெச்சுட்டார்" என்றாள்.

எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை. அப்படியானால் அவருக்கு எல்லாம் தெரிந்துதான் என் பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாரா என்று கேட்டேன்.

"அதை அப்பாகிட்டன்னா கேட்டிருக்கணும்" என்றாள். பிறகு, "பேர் சொல்லாம பேசுங்கோ, பரவாயில்லை" என்றாள். என் மனைவியின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனை வைத்தாள்.

காரியதரிசி கடிகாரத்தைப் பார்க்கிறார். பந்திக்கு நேரமாயிற்று.